தைல மரம் இருந்த செம்புறை மண்ணில் அடுத்து எந்த மரம்?

கேள்வி இதுதான்: புதுக்கோட்டைப் பக்கம் மூன்று ஏக்கர் செம்புறை (இரும்பேறிய செஞ்சரளை) நிலம், முப்பது வருஷத்துக்கும் மேலாகத் தைல மரம் இருந்து, இப்போது வெட்டி எடுத்தாயிற்று. என்ன நட்டாலும் மஞ்சளடித்து நிற்கிறது. தைல மரம்தான் மண்ணைக் கெடுத்ததா, எந்த மரம் நட்டால் வளம் திரும்பும், காட்டு மண் மட்டும் எப்படி உரமே போடாமல் கறுப்பாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மரம் மண்ணை மாற்றும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் "இந்த மரம் மண்ணுக்கு நல்லது, அந்த மரம் கெட்டது" என்று பட்டியல் போட்டு யாராவது கொடுத்தால் அதை நம்பி நடாதீர்கள். ஒரே மரம் ஓரிடத்தில் மண்ணைத் தேற்றும், இன்னோரிடத்தில் ஒன்றும் செய்யாது, மூன்றாவது இடத்தில் கெடுத்தும் விடும். எந்த மண், உதிர்ந்த இலை அங்கேயே கிடந்து மட்குகிறதா, வெட்டும்போது எதையெல்லாம் வண்டியில் ஏற்றுகிறோம், இந்த மூன்றும் தெரியாமல் மரத்தின் பெயரை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. உங்கள் நிலத்தில் நடந்ததற்கும் இதில்தான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நல்ல தேக்கங்காட்டுக்குள் போய் மண்ணை அள்ளிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். அது தேக்கு செய்த வேலையா, நல்ல மண் இருந்த இடத்தில்தான் தேக்கு வந்ததா? பழைய காடுகளைப் பார்த்து இதைச் சொல்லவே முடியாது. தேக்குக்குச் சுண்ணாம்புச்சத்துள்ள, நீர் தேங்காத மண் வேண்டும், அதனால் அது இருக்கிற இடமே ஏற்கெனவே நல்ல இடம். இதைப் பிரித்துப் பார்க்க ஒரே வழி, ஒரே மாதிரி மண்ணில் பல இன மரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டம் கட்டி நட்டுவிட்டு, பொறுமையாகக் காத்திருப்பது.

அப்படிச் செய்திருக்கிறார்கள். போலந்தில் சீமியானீட்சே என்ற இடத்தில் 1970, 71 வாக்கில் 14 இன மரங்களைத் தனித்தனிக் கட்டங்களாக நட்டார்கள். மூன்று பத்தாண்டுகள் கழித்து மண்ணைத் தோண்டிப் பார்த்தபோது, ஒரே மண்ணாகத் தொடங்கியது கட்டத்துக்குக் கட்டம் மாறியிருந்தது. மேப்பிள், லிண்டன் மரங்களின் கீழே சருகு சீக்கிரம் மட்கி மண்ணோடு கலந்திருந்தது, மண்புழு நிறைய, அமிலத்தன்மை குறைவு. பைன், ஸ்ப்ரூஸ், லார்ச் கட்டங்களில் சருகு மெத்தை மாதிரி மேலேயே கிடந்தது, மண்ணில் புளிப்பு அதிகம். 2005-இல் வெளியான அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த விஷயம், இந்த வித்தியாசத்தைப் பெரும்பாலும் விளக்கியது தழைச்சத்து (நைட்ரஜன்) இல்லை, இலையிலிருந்த சுண்ணாம்புச்சத்து, அதாவது கால்சியம். கால்சியம் நிறைய உள்ள சருகைத்தான் மண்புழு விரும்பித் தின்கிறது, தின்று கீழே இழுத்துக்கொண்டு போகிறது, அதனால் மண் பொலபொலப்பாகி, அடுத்த தலைமுறை மண்புழுவுக்கும் வசதியாகிறது. மரம் இலையைப் போடுகிறது, அவ்வளவுதான். மீதி வேலையெல்லாம் புழுவுடையது. (டென்மார்க்கின் வனவியலாளர் முல்லர் 1870-களிலும் 80-களிலும் பீச் மரக்காடுகளில் இதே இரண்டு வகை மண்ணையும் பார்த்துப் பெயர் வைத்துவிட்டுப் போனார். புழுக்கள் கலக்கிய மண்ணை அவர் மல் என்றார், மேலே மெத்தையாகத் தேங்குவதை மோர் என்றார். அந்தப் பெயர்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன.)

சரி, ஒரு இலை ஏன் மூன்று மாதத்தில் மட்குகிறது, இன்னொன்று ஏன் இரண்டு வருஷம் கிடக்கிறது? மரம் இலையை உதிர்ப்பதற்கு முன்னால் அதிலுள்ள தழைச்சத்து, மணிச்சத்து (பாஸ்பரஸ்) இரண்டிலும் ஏறத்தாழ பாதியை உள்ளே இழுத்துக்கொள்ளும். இலை மஞ்சளாவது இந்தக் கணக்கு முடிப்பின் அடையாளம்தான். கால்சியத்தை மட்டும் அப்படித் திரும்ப இழுக்க முடியாது, அது இலையோடு கீழே வந்தே தீரும். அதனால் பச்சை இலையைச் சோதித்து "இதில் இவ்வளவு சத்து" என்று சொல்வதும், தானாக உதிர்ந்த சருகில் இருப்பதும் ஒன்றல்ல. பச்சையாக வெட்டிப் போடுகிற கிளைரிசிடியா தழைக்கும், அதே மரத்திலிருந்து தானாக உதிர்ந்த பழுப்புக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. மண்ணுக்கு ஊட்டம் வேண்டுமென்றால் வெட்டிப் போடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

அப்புறம் இலையில் என்ன கலந்திருக்கிறது என்பது. வெட்டிப் போடும் தழைக்குச் சொல்லப்படும் ஒரு கணக்கு உண்டு: தழைச்சத்து 2.5 சதவீதத்துக்கு மேல், லிக்னின் (மரத்தை விறைப்பாக்கும், மட்கத் தாமதிக்கும் பொருள்) 15 சதவீதத்துக்குக் கீழ், துவர்ப்புப் பொருள்கள் 4 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால், அப்படியே மண்ணில் போடலாம், பயிருக்கு உடனே ஊட்டம் கிடைக்கும். கிளைரிசிடியா, சூபாபுல் மாதிரியானவை தழைச்சத்தில் இந்த அளவைத் தாண்டும். தைல மரச் சருகு பக்கத்திலேயே வராது. அதில் தழைச்சத்து ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதற்கும் கீழேயோதான் இருக்கும், துவர்ப்பும் எண்ணெயும் நிறைய. அதை மட்க வைக்க வரும் நுண்ணுயிர்களுக்கு அந்த இலையிலிருக்கும் தழைச்சத்து போதாது. அதனால் சுற்றியுள்ள மண்ணில் இருக்கும் கொஞ்சநஞ்சத்தையும் அவை எடுத்துக்கொள்ளும். உங்கள் கன்றுகள் மஞ்சளடிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மண்ணுக்குள் தைல மர வேர்கள் டன் கணக்கில் செத்து மட்கிக்கொண்டிருக்கின்றன, அவற்றை மட்க வைக்கும் நுண்ணுயிர்களும் உங்கள் கன்றும் ஒரே தட்டுக்குப் போட்டி போடுகின்றன. இது நிரந்தரம் இல்லை, வேர் மட்கி முடியும்போது அந்தச் சத்து வெளியே வரும்.

இப்போது எல்லோரும் சொல்கிற அடுத்த யோசனை, "பயறுக் குடும்பத்து மரமாக நடு, வேர்முடிச்சில் காற்றுத் தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும்". பாதிக்கு மேல் சரி, ஆனால் இரண்டு திருத்தம் உண்டு.

ஒன்று, காய் பயறு மாதிரி இருக்கிறது என்பதற்காக எல்லா மரமும் முடிச்சுப் போடாது. புளி போடாது, சரக்கொன்றை போடாது, சாலையோரம் சிவப்பாகப் பூக்கிற குல்மோகர் போடாது, மஞ்சள் கொன்றையும் போடாது. புங்கன், வாகை, கிளைரிசிடியா, கல்யாண முருங்கை இவை போடும். மறுபக்கம், பயறுக் குடும்பமே இல்லாத சவுக்கு, ஃபிராங்கியா என்ற வேறொரு நுண்ணுயிரோடு சேர்ந்து முடிச்சுப் போடுகிறது. கடற்கரை வெறும் மணலில் அது நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் சவுக்குத் தோப்புக்குள் போய்ப் பாருங்கள், உதிர்ந்த சருகையெல்லாம் அடுப்புக்கு வாரிக்கொண்டு போயிருப்பார்கள். மரம் காற்றிலிருந்து பிடித்ததில் பெரும்பங்கு அந்தச் சருகோடு வெளியேறிவிடுகிறது, அப்புறம் மண் எப்படித் தேறும்?

இரண்டாவது திருத்தம் இன்னும் முக்கியம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விண்ட் ரிவர் என்ற இடத்தில், தீயில் அழிந்து ஏழையாகிப்போன மண்ணில் டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரங்களை நட்டிருந்தார்கள். பிறகு தீத்தடுப்புப் பட்டையாக அதன் நடுவே ஆல்டர் மரங்களை வைத்தார்கள். ஆல்டரும் சவுக்கு மாதிரி ஃபிராங்கியா முடிச்சு உள்ள மரம். சில பத்தாண்டுகளில் அந்தப் பட்டையில் இருந்த ஃபிர் மரங்கள், தனியாக நின்றவற்றைவிட நன்றாக வளர்ந்தன. உடனே ஆல்டர் மண்ணுக்கு நல்லது என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் ஒரிகன் கடற்கரையோரம் காஸ்கேட் ஹெட் என்ற இடத்தில், ஏற்கெனவே தழைச்சத்து நிறைந்த மண்ணில், இதே ஜோடியை நட்டபோது ஆல்டரால் ஃபிருக்கு நன்மை இல்லை, அதன் நிழலில் ஃபிர் பின்தங்கியது. மரம் அதே மரம். முதல் மண்ணில் தழைச்சத்துதான் குறை, இரண்டாவதில் அது குறையே இல்லை. போதுமான அளவு இருக்கிற இடத்தில் மேலும் மேலும் சேர்ந்தால் அது நைட்ரேட்டாக மாறி மழைநீரோடு கீழே இறங்கும், இறங்கும்போது சுண்ணாம்பையும் மெக்னீசியத்தையும் கூட்டிக்கொண்டு போகும், மண் புளிப்பேறும். ஆல்டர் காடுகளிலேயே இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். வளம் கூடுகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே வேறு சத்துகள் கழிந்துகொண்டிருக்கும்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மலைகளில் இதை நான் கண்ணால் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். தழைச்சத்து ஏறுவது எல்லா நிலத்துக்கும் நல்லதில்லை. ஹவாயில் எரிமலைக் குழம்பு உறைந்த புது மண்ணில் உள்ளூர் மரங்கள் மிகக் குறைந்த தழைச்சத்தில் வாழப் பழகியவை. அசோர்ஸ், மதீரா தீவுகளின் மரமான மிரிக்கா ஃபாயா அங்கே கொண்டுவரப்பட்டுப் பரவியது, அதுவும் முடிச்சு மரம். அது புகுந்த இடத்தில் தழைச்சத்து வரத்து நான்கு மடங்குக்கும் மேல் ஏறியதை 1987-இல் விட்டூசெக்கும் கூட்டாளிகளும் காட்டினார்கள். கேட்க நல்ல செய்தி மாதிரி இருக்கும், ஆனால் அந்த மண்ணுக்கென்றே இருந்த காட்டின் போக்கையே அது மாற்றிவிட்டது. நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப் புல்வெளியில் சீகை மரத்தை (ஆஸ்திரேலிய வாட்டில்) நட்டபோது நாமும் இதைத்தான் செய்தோம். தோல் பதனிடும் பட்டைக்கும் விறகுக்கும் என்று வைத்தது, முடிச்சு மரம் என்பதால் எந்த மண்ணிலும் பிடித்துக்கொண்டு, வெட்ட வெட்ட விதையிலிருந்து காடாக முளைத்தது. புல்வெளி மண் வளமில்லாத மண் என்று நினைத்துத்தான் மரம் நட்டார்கள். அந்தக் கறுப்பு மண்ணைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும், புல் வேர் மட்டுமே ஆயிரக்கணக்கான வருஷமாகச் சேர்த்த மட்கு அது, மழையை உறிஞ்சி வைத்து ஓடைக்குக் கொடுக்கிற மண். அதற்கு மரம் தேவைப்படவே இல்லை.

ஆனால் இதிலும் ஒரு ஆச்சரியம். பழனி மலையில் பழைய சீகைத் தோப்புகள் சிலவற்றுக்குள், சோலை (மலை உச்சியின் இயற்கைக் காடு) பக்கத்தில் இருந்தால், சோலை மரக் கன்றுகள் தானாக முளைத்து வருகின்றன. பறவை எச்சம் போடுகிறது, நிழல் இருக்கிறது, ஈரம் இருக்கிறது. அந்நிய மரத்தின் கீழே உள்ளூர்க் காடு எழும்புகிறது. புல்வெளி மட்டும் அந்த வழியில் திரும்பி வராது.

உங்கள் நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஓர் உதாரணம் புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆரோவில் 1968-இல் தொடங்கியபோது அந்த மேடு உங்கள் நிலத்தைவிட மோசம், மேல்மண் அரித்துப் போய்ச் செம்புறை வெளியே தெரிந்த பொட்டல். முதலில் வரப்புப் போட்டு மழைநீரை நிறுத்தினார்கள். உள்ளூர் மரக் கன்றுகளோடு, வெயிலையும் காற்றையும் தாங்குகிற ஆஸ்திரேலிய அகேசியாவையும் முன்னோடியாக நிறைய வைத்தார்கள். அதுவும் முடிச்சு மரம்தான், ஆனால் அதன் சருகு தடித்தது, சீக்கிரம் மட்காது. செழிப்பான மண்ணில் அது குறை. பொட்டல் மண்ணில் அதுவே உதவி, ஏனென்றால் மெதுவாக மட்கும் சருகு ஒரு போர்வையாக நின்று வெயிலையும் மழைத்துளி அடியையும் தடுத்தது. அந்த நிழலில் காசா, வீரை, உலக்கைப் பாலை மாதிரியான நம் கடற்கரைப் பக்கத்து உலர் பசுமைக் காட்டு மரங்கள் எழும்பின. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது நிறைய அகேசியாக்கள் சாய்ந்தன, அடியில் வளர்ந்திருந்த உள்ளூர் மரங்கள் மேலே வந்தன. சீக்கிரம் மட்கும் இலை, மெதுவாக மட்கும் இலை, இரண்டுக்குமே ஒரு வேலை இருக்கிறது.

இப்போது தைல மரத்துக்கு வருகிறேன். அதன் மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டுகளில் சில உண்மை, சில கொஞ்சம் மிகை. தண்ணீரை நிறைய எடுக்கும், உண்மை. மழை குறைந்த இடத்தில் அடிக்காடு வராமல் போவதற்கு அதுவே பெரிய காரணம். இலையிலிருந்து இறங்கும் பொருள் மற்ற விதைகளை முளைக்க விடாது என்பதற்கும் ஆதாரம் உண்டு, ஆனால் ஈரப் போட்டியோடு ஒப்பிட்டால் அது இரண்டாம் இடம்தான். அதன் எண்ணெயும் மெழுகும் மேல்மண்ணில் படிந்து தண்ணீர் ஒட்டாத மண்ணாக்கும், இதை நீங்களே சோதிக்கலாம்: காய்ந்த மேல்மண்ணில் ஒரு சொட்டு நீர் விடுங்கள், முத்து மாதிரி உருண்டு நின்றால் அதுதான். அப்படிப்பட்ட மண்ணில் கோடை மழை உள்ளே போகாமல் வழிந்து ஓடிவிடும்.

ஆனால் என் கணக்கில் மிகப் பெரிய நஷ்டம் வெட்டும்போது நடந்தது. ஆறேழு வருஷத்துக்கு ஒரு முறை வெட்டு, மறுதாம்பு, மறுபடி வெட்டு என்று முப்பது வருஷத்தில் நாலைந்து முறை உங்கள் நிலத்திலிருந்து மரம் லாரியில் போயிருக்கிறது. இளம் மரத்தில் கட்டையின் நடுப்பகுதியில் சத்து குறைவு, பட்டையிலும் இலையிலும் சிறு கிளையிலும்தான் அதிகம், அதிலும் தைல மரப் பட்டை சுண்ணாம்புச்சத்தின் கிடங்கு. பட்டையை வயலிலேயே உரித்துப் போட்டிருந்தால் பாதி பிழைத்திருக்கும். பட்டையோடு ஏற்றி, இலையையும் தைலத்துக்கோ விறகுக்கோ கொடுத்து, மிச்சத்தைக் கொளுத்தியிருந்தால் எதுவும் மிஞ்சியிருக்காது. கொளுத்தினால் தழைச்சத்து புகையாகப் போகும், சாம்பலிலிருக்கும் சுண்ணாம்பும் சாம்பல்சத்தும் முதல் கனமழையில் ஓடும். இதே மாதிரி வேம்பை முப்பது வருஷம் ஆறு வருஷத்துக்கு ஒரு முறை மொட்டையடித்து ஏற்றியிருந்தாலும் அந்த மண் இளைத்துத்தான் போயிருக்கும். தைல மரத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. குற்றத்தை முழுதாக மரத்தின் மேல் போட்டுவிட்டால், அடுத்த மரத்தையும் நாம் அதே மாதிரி நடத்துவோம் என்ற பயத்தில் சொல்கிறேன்.

தேக்கு வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இந்த மண்ணில் வேண்டாம். மண் புளிப்பு, சுண்ணாம்பு குறைவு, ஆழமும் இல்லை. தனித் தேக்குத் தோட்டத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு, அகலமான இலையில் மழை சேர்ந்து பெரிய சொட்டாக உயரத்திலிருந்து விழும், அடியில் புல் பூண்டு இல்லாமல் சருகும் எரிந்துபோயிருந்தால் அந்தச் சொட்டே மண்ணைக் கிளப்பிவிடும்.

இனி உங்கள் மூன்று ஏக்கருக்கு நான் செய்வது என்னவாக இருக்கும் என்று சொல்கிறேன். முதலில் மண் பரிசோதனை, அதில் அமில நிலை, கரிமச்சத்து, மணிச்சத்து மூன்றையும் கவனியுங்கள். செம்புறையில் இரும்பு அதிகம், அது மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மணிச்சத்து கிடைக்காவிட்டால் முடிச்சு மரமும் முடிச்சுப் போடத் திணறும், அதனால் நடும்போது குழியில் தொழுவுரத்தோடு வேர் உட்பூசணமும் கொஞ்சம் சேர்ப்பது வீண் செலவு இல்லை. கன்றின் வேரால் எட்ட முடியாத இடத்திலிருந்து மணிச்சத்தை இழுத்து வருவது அந்தப் பூசணம்தான்.

தைலக் கட்டைகள் துளிர்த்துக்கொண்டே இருக்கும், துளிரை விடாமல் ஒடித்து அப்படியே நிலத்தில் போடுங்கள், எதையும் கொளுத்த வேண்டாம். சரிவுக்குக் குறுக்கே வரப்பு. ஐப்பசி மழைக்கு முன்னால் நிலம் முழுக்கக் கொழிஞ்சி விதைத்துவிடுங்கள், அது சரளையிலும் வரும், முடிச்சுப் போடும், மாடு கடிக்காது, கோடையில் மண்ணை மூடி நிற்கும். ஆட்டுக்கிடை போடுகிறவர்கள் அந்தப் பக்கம் வந்தால் அறுவடை முடிந்த வயலுக்கு மட்டுமில்லாமல் இங்கேயும் நாலு இரவு போடச் சொல்லுங்கள், இந்த மண்ணுக்கு அதைவிட வேகமான மருந்து எனக்குத் தெரியாது.

மரத்தில், வரப்போரம் கிளைரிசிடியா நெருக்கமாக, வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை வெட்டித் தழையை மற்ற கன்றுகளின் காலடியில் போடுவதற்கு மட்டும். உள்ளே புங்கனும் வாகையும் முதல் நிழலுக்கு. அவற்றுக்கு இடையில் வேம்பு, நாவல், இலுப்பை, உங்கள் ஊர்க் கோயில் காட்டில் என்ன மரம் நிற்கிறதோ அது. கோயில் காட்டுக்குள் போய் விதை மட்டும் எடுத்து வராமல், அந்த மண்ணையும் ஒரு கை அள்ளிப் பாருங்கள், உங்கள் நிலத்துக்குப் பத்தடி தூரத்தில் அதே செம்புறை எப்படி ஆகியிருக்கிறது என்று தெரியும். முடிந்தால் அங்கிருந்து ஒரு கூடை மட்கையும் பெரியவர்களிடம் கேட்டு எடுத்துவந்து நாற்றங்காலில் கலந்துவிடுங்கள், அந்த மரங்களுக்கு வேண்டிய பூசணம் அதில் இருக்கும். (பைன் மரத்தைத் தென்கோளத்து நாடுகளுக்கு முதலில் கொண்டுபோனபோது பல இடங்களில் பிடிக்கவேயில்லை, பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து போட்ட பிறகுதான் வளர்ந்தது.)

எவ்வளவு நாள் ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சருகுப் போர்வை மூன்று நாலு வருஷத்தில் வந்துவிடும், மேல் இரண்டு அங்குலம் நிறம் மாற ஏழெட்டு வருஷமாவது ஆகும், போலந்தில் பார்த்த அளவு வித்தியாசத்துக்கு முப்பது வருஷம் தேவைப்பட்டது. ஒவ்வொரு தை மாதமும் ஒரே இடத்தில் ஒரு சாண் குழி தோண்டி, கறுத்த மண் எவ்வளவு ஆழம் இருக்கிறது, புழுவும் கறையானும் எத்தனை, நீர்ச்சொட்டு உருண்டு நிற்கிறதா உள்ளே போகிறதா என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டாம் வருஷக் குறிப்பை அனுப்பினால் அடுத்து எதை வெட்டுவது, எதை விடுவது என்று சேர்ந்து பார்க்கலாம்.